ஃபைபர் ஏன் வேகம்?

"மின்சாரத்தைவிட ஒளி வேகமாகப் போகும், அதனால்தானே ஃபைபர் இணையம் வேகமாக இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காரணம் அது இல்லை. ஃபைபர் என்பது மெல்லிய கண்ணாடி இழை; அந்தக் கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. செம்புக் கம்பியில் மின் சிக்னலும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஒரு வினாடிக்குள் எத்தனை பிட்டுகளை (0, 1 என்ற தரவுத் துணுக்குகளை) சிதையாமல் அனுப்பலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

நிறைய பிட்டுகளை அனுப்ப வேண்டுமானால் சிக்னல் மிக விரைவாக மாறவேண்டும், அதாவது அதிர்வெண் ஏறவேண்டும். ஏற ஏற, மின்னோட்டம் செம்பின் நடுப்பகுதியை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. 10 லட்சம் ஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் வெளிப்புறத்தின் 0.07 மில்லிமீட்டருக்குள்தான் ஓடும். மின்தடை கூடும், சிக்னல் தேயும். அப்புறம் பக்கத்துக் கம்பிகளின் சிக்னலும் கலந்துவிடும். பழைய தொலைபேசிக் கம்பியில் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 கோடி பிட்டுகள்) கிடைக்க, இணைய நிறுவனத்தின் மறுமுனைக் கருவி சில நூறு மீட்டருக்குள் இருந்தாக வேண்டியிருப்பது இதனால்தான்.

ஃபைபரில் ஓடும் அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண்ணோ சுமார் 200 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதன் மேல் வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகளை ஏற்றினாலும் அதிர்வெண் இம்மியளவுதான் விலகும், இழப்பும் மாறாது. ஒளி வெளியே தப்பாமல் இருப்பது பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பால்தான்: இழையின் ஓரத்தில் சாய்வாகப் படும் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்ணாடியின் தெளிவு. 1960களில் நல்ல கண்ணாடி இழையில்கூட 20 மீட்டருக்குள் 99 சதவீத ஒளி தொலைந்துவிடும். குற்றம் கண்ணாடியுடையது அல்ல, அதில் கலந்த இரும்பு போன்ற மாசுகளுடையது என்று 1966இல் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்ற இரு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். மாசு நீக்கினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் 1 சதவீதம் மிஞ்சும், தொலைத்தொடர்புக்கு அது போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970இல் கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த அளவைத் தாண்டினார்கள். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது! காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009இல். உடனடிப் பலன் கேட்காமல் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுபோன்ற வேலைகளுக்காகத்தான்.

இழப்பு இவ்வளவு குறைவாக இருப்பதால், ஒரே இழையின் ஒளியை வழியில் மின்சாரமே தேவைப்படாத பிரிப்பானால் 32 வீடுகளுக்குப் பங்கிட முடிகிறது. பதிவிறக்கம் ஒரு அலைநீளத்தில், பதிவேற்றம் வேறொன்றில். அந்த இழையின் வேகத்தை 2.5 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து (வினாடிக்கு 250 கோடி பிட்டுகள்) 10 ஆக்க வேண்டுமா? இரு முனைக் கருவிகளை மாற்றினால் போதும், புதைத்த இழையைத் தோண்ட வேண்டியதில்லை.