நின்றுபோன சக்கரம் யார் கணக்கில்?

பொம்மைக் கார் ஒன்றை எடுத்து, பின்சக்கரங்கள் இரண்டும் சுழலாதபடி டேப் ஒட்டி, சாய்வான பலகையில் மேலிருந்து விடுங்கள். பாதி வழியிலேயே திரும்பி, பின்பக்கம் முன்னால் வரக் கீழே இறங்கும். டேப்பை முன்சக்கரங்களுக்கு மாற்றி ஒட்டினால் நேராகச் சறுக்கி வந்துவிடும். டிரெய்லர் லாரிகள் சில நேரம் சாலையின் குறுக்கே ‘ட’ போல மடங்கிக் கிடப்பதன் ரகசியம் இந்தப் பொம்மையிலேயே இருக்கிறது. மடக்குக் கத்தியின் அலகு பிடிக்குள் மடிவதைப் போலிருப்பதால் இதற்கு ஜாக்நைஃப் என்று பெயர்.

உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் ரப்பர் தரையில் சறுக்குவதில்லை. ஒவ்வொரு கணமும் புதுப் பகுதி வந்து பதிகிறது, பழையது எழும்புகிறது. அதனால் பக்கவாட்டில் தள்ளினால் எதிர்த்து நிற்கும். பிரேக் இறுகிச் சக்கரம் நின்றுபோனாலோ, ஒரே இடத்து ரப்பர் தேய்ந்துகொண்டே போகும். அதன் உராய்வு முழுவதும் சறுக்கும் திசைக்கு எதிராகவே செலவாகிவிடும். பக்கவாட்டில் பிடித்து நிறுத்த மிச்சம் எதுவும் இருக்காது.

எந்தச் சக்கரம் நின்றது என்பதைப் பொறுத்து விபத்தின் வடிவமே மாறும். முன்சக்கரம் நின்றால் ஸ்டீயரிங் செத்துவிடும், வண்டி நேராகப் போகும். டிரெய்லரின் சக்கரம் நின்றால் டிரெய்லர் வால்போல வீசும். இது கொஞ்சம் மெதுவாக நடப்பதால், கண்ணாடியில் பார்த்து பிரேக்கை விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். மிக மோசமானது இழுவை வண்டியின், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்பகுதியின், பின்சக்கரங்கள் நிற்பது. அவைதான் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள். அவற்றுக்கு அருகில்தான் டிரெய்லரைக் கோத்திருக்கும் கிங் பின் இருக்கிறது. அந்த ஒற்றைப் புள்ளி வழியாகத்தான் பின்னாலிருந்து டிரெய்லரின் முழு எடையும் தள்ளுகிறது. அமெரிக்காவில் முழுச் சுமையோடு செல்லும் லாரியின் பொது எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். இழுவை வண்டி லேசாகக் கோணினால் போதும். அந்தத் தள்ளுதல் கோணத்தை இன்னும் அதிகமாக்கும், அதிகமான கோணம் இன்னும் வேகமாகத் திருப்பும். ஓரிரு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று: சுமை இல்லாத லாரிதான் எளிதில் மடங்கும். பிரேக்கின் வலிமை முழுச் சுமைக்கு ஏற்றபடி அமைந்தது. எடை குறைந்த சக்கரம் தரையை லேசாகத்தான் அழுத்துகிறது, அதே மிதிக்குச் சட்டென்று நின்றுபோகிறது. வழுக்கும் சாலையில், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கும் இப்படித்தான். காலால் பிரேக்கைத் தொடாமலேயே, இழுவை வண்டியின் பின்சக்கரங்களை மட்டும் அது பிடித்து இழுக்கிறது.

இனி நீதிமன்றம். லாரி சறுக்கியது என்பதே ஓட்டுநரின் கவனக்குறைவுக்குப் போதுமான சான்றல்ல என்று பல அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படியானால் சக்கரம் ஏன் நின்றது என்று தோண்ட வேண்டியிருக்கிறது. மழை, பனி என்று வானத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் பனி, மழை, மூடுபனி வேளைகளில் மிகுந்த எச்சரிக்கையோடு வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆபத்து அதிகமானால் ஓட்டுவதையே நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு விதி. ஈரச் சாலையில் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கையும், இறுகிய பனியில் பாதியையும் குறைக்கச் சொல்கிறது லாரி உரிமத்துக்கான கையேடு. இவற்றை வைத்துக்கொண்டு பார்த்தால் ‘மழைதான் காரணம்’ என்ற வாதம் அநேகமாக நிற்காது.

குறுக்கே திடீரென்று கார் புகுந்ததா? அப்போது திடீர் நெருக்கடி என்ற வாதம் ஓட்டுநருக்குக் கைகொடுக்கலாம்; தன் வேகத்தால் தானே அந்த நெருக்கடியை வரவழைத்திருந்தால் கொடுக்காது. வேலைக்காக ஓட்டியபோது ஓட்டுநர் செய்த பிழைக்கு நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டும். டிரெய்லரில் பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, பின் பிரேக்குகள் பேருக்குப் பிடித்திருந்தால், பராமரிப்பவரிடம் கேள்வி போகும். சரக்கு வெளியே தெரியாதபடி தவறாக ஏற்றப்பட்டிருந்தால் ஏற்றியவரிடம் போகும். பெரும்பாலான மாநிலங்களில் பொறுப்பைச் சதவீதமாகப் பங்கிடுவார்கள். மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற சில இடங்களில் அடிபட்டவரிடம் சிறு பிழை இருந்தாலும் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். எனக்கு இது கொடுமையாகவே படுகிறது.

பிரேக் மிதிக்கும்போது சக்கரம் நின்றுபோகாமல் காக்கும் ஏபிஎஸ் கருவிக்கும் நீதிமன்றக் கதை உண்டு. 1975-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க பிரேக் விதியை நிறைவேற்ற லாரிகளில் பொருத்திய முதல் தலைமுறைக் கருவிகள் நம்பகமாக இல்லை. தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுக்க, 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியின் அந்தப் பகுதியைச் செல்லாதாக்கியது. மேம்பட்ட மின்னணுவியலோடு ஏபிஎஸ் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று: 1997 மார்ச் முதல் தயாரான புதிய இழுவை வண்டிகளுக்கும், 1998 மார்ச் முதல் தயாரான டிரெய்லர்களுக்கும் அது கட்டாயம்.

விசாரிப்பவர் முதலில் குனிந்து பார்ப்பது டயரை. சுழலாமல் இழுபட்ட டயரில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். எந்த அச்சின் சக்கரம் நின்றது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அடுத்து பிரேக் தண்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று அளப்பார்கள், ஏபிஎஸ் பதிந்த பிழைக் குறியீடுகளைப் படிப்பார்கள். எஞ்சின் கணினி, விபத்துக்கு முந்தைய நொடிகளில் இருந்த வேகத்தையும் பிரேக் மிதித்த கணத்தையும் பதிந்து வைத்திருக்கக்கூடும். ஆனால் வண்டியைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டினால் அந்தப் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடலாம். ஓட்டுநரின் பணிநேரப் பதிவுகளை நிறுவனம் 6 மாதம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதி. பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அனுப்பும் முதல் கடிதம் பணம் கேட்பதில்லை. எதையும் அழிக்காதீர்கள், லாரியைத் தொடாதீர்கள் என்று கேட்கிறது.