வாட் ஃபூ மலைக்கோயிலில் சூடம் ஏற்றலாமா?

லாவோஸுக்கு நான் அழைத்துப்போகும் குழுக்களில் பெரும்பாலும் நம்மூர்ப் பெரியவர்கள்தான். சம்பாசாக்கில் உள்ள வாட் ஃபூவைப் பழைய சிவன் கோயில் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அது சரிதான். மலையுச்சிப் பாறை லிங்கம்போல் நிற்பதால் மலைக்கே அந்தக் காலத்தில் லிங்கபர்வதம் என்று பெயர். கருவறைக்குப் பின்னால் ஊறும் சுனைநீரைக் கல் வாய்க்காலில் கொண்டுவந்து, லிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழச் செய்திருந்தார்கள் கெமர் மக்கள், அதாவது இன்றைய கம்போடியர்களின் முன்னோர். தாராபிஷேகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த லிங்கம் இப்போது அங்கே இல்லை. 13-ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்தே இது பௌத்தர்கள் கும்பிடும் கோயில். முன்மண்டபத்தில் மஞ்சள் துணி போர்த்திய புத்தர் சிலைகள் இருக்கின்றன.

ஒருமுறை எங்கள் குழுவில் வந்த ஒரு அம்மா, படியெல்லாம் ஏறி முடித்த மூச்சிரைப்போடு, பையிலிருந்து சூடத்தை எடுத்து வாசல் நிலைக்கல்லின் மேல் வைத்துவிட்டார். தடுத்தேன். "சிவன் இருந்த இடத்துல சூடம் ஏத்தாம போறதா தம்பி?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்திக்கு முன்னால் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. கல்லைக் காட்டினேன். அது மணற்கல், நுண்துளைகள் உள்ளது. எண்ணெயும் குங்குமமும் உள்ளே இறங்கினால் எளிதில் வெளியே வராது. சூடத்தின் கரி செதுக்கு வேலையின் இடுக்குகளில் படிந்துவிடும். உள்ளூர்க்காரர்களும் மெழுகுவத்தி, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள், ஆனால் அதற்கென்று புத்தர் முன்னால் இடம் வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. நம் இந்தியத் தொல்லியல் துறையும் இங்கே சீரமைப்பு வேலை செய்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: "சிவனை எடுத்துவிட்டுப் புத்தரை வைத்துவிட்டார்களா?" கும்பிட வந்தவர்கள் காதுபட அதைக் கேட்காதீர்கள். பூசை நின்றுபோன கோயில்கள் எத்தனையோ காடாகிக் கிடக்கின்றன. இங்கே இன்றும் பூ விழுகிறது என்றால், அது இந்த மக்களால்தான். கருவறைக்குப் பின்புறப் பாறையில் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவரும் செதுக்கியபடியே நிற்கிறார்கள்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். செருப்பைக் கழற்றுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தரை நோக்கிக் காலை நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. காலைத் தொட்டு ஆசி வாங்கும் நம் பழக்கம் அங்கே அவர்களைச் சங்கடப்படுத்திவிடும். படிகள் செங்குத்து, மேடுபள்ளம் வேறு. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்து குளங்களையும் நந்தி மண்டபத்தையும் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் மேலே போய்விடுங்கள்.

அந்த அம்மா சூடத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாவோ பாட்டி, வாழையிலைக் கூம்பில் செருகியிருந்த செண்டுமல்லியில் ஒன்றை உருவிக் கொடுத்தார். இருவரும் ஒன்றாகக் கும்பிட்டார்கள். பிறகு பின்பக்கம் போய், பாறையடியில் சொட்டும் சுனைநீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.