அஞ்சுநாட்டில் பழைய வீடு வாங்குவதற்கு முன்: பட்டயம் என்ன சொல்கிறது?

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய அஞ்சுநாட்டு ஊர்களும் வட்டவடைப் பஞ்சாயத்தின் கோவிலூரும் தமிழ் பேசும் பழைய மலையூர்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் இருக்கின்றன. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகளை அங்கே இன்னும் பார்க்கலாம். உடுமலைப்பேட்டையிலிருந்தோ போடியிலிருந்தோ மலையேறி வந்து, அப்படி ஒரு வீட்டை வாங்கிச் செப்பனிட நினைப்பவர்கள் சுவரையும் உத்தரத்தையும் பார்ப்பதற்கு முன்னால் நிலத்தின் பட்டயத்தை, அதாவது அரசு நிலத்தை ஒருவருக்குக் கொடுத்ததற்கான உரிமை ஆவணத்தை, கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காகிதம்தான்.

இடுக்கியில் பெருமளவு நிலம் அரசு ஒதுக்கிக் கொடுத்தது. 1960ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டுச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு அடிப்படை. 1977 ஜனவரி 1க்கு முன்பே வனநிலத்தில் குடியேறியிருந்தவர்களுக்கு 1993ஆம் ஆண்டின் சிறப்பு விதிகளின்படி பட்டயம் தரப்பட்டது. எந்த விதியின் கீழ், எந்தத் தேவைக்காக நிலம் கொடுக்கப்பட்டது என்பதுதான் இதில் முக்கியம். 1964 விதிகள் நிலம் கொடுத்தது அடிப்படையில் சொந்த விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும். அந்த நிலத்தில் ரிசார்ட் கட்டினால் அது பட்டய நிபந்தனையை மீறுவதாகும். பட்டயமே ரத்தாகும் ஆபத்து உண்டு. “இப்போதுதான் சட்டம் திருத்திவிட்டார்களே” என்று தரகர்கள் சொல்லக்கூடும். 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற அந்தத் திருத்தம், ஏற்கெனவே நடந்துவிட்ட மீறல்களை வரைமுறைப்படுத்துவதற்கானது. நாளைக்கு நீங்கள் கட்டப்போகும் விடுதிக்கு அது முன்கூட்டியே தரும் அனுமதி அல்ல.

பட்டயம் இல்லாமல் வீட்டு வரி ரசீதை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். பஞ்சாயத்து கதவு எண் கொடுத்திருப்பதால் நிலம் சொந்தமாகிவிடாது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டயம் கிடைக்காத குடும்பங்களின் வேதனை பெரிது. ஆனால் அவர்களிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் அவர்களுக்கும் நன்மையில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை.

வட்டவடைப் பக்கம் சர்வே எண்ணோடு, நில அளவையில் கிராமத்தைப் பிரித்த பகுதியைக் குறிக்கும் பிளாக் எண்ணையும் பாருங்கள். கொட்டகம்பூர் 58ஆம் பிளாக், வட்டவடை 62ஆம் பிளாக் நிலங்களைக் கொண்டு சுமார் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலை சரணாலயம் 2006இல் அறிவிக்கப்பட்டது. அந்த பிளாக்குகளின் பட்டயங்கள் பல ஆண்டுகளாக விசாரணையில் அலைக்கழிந்தவை. அங்கே முன்பணம் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முதுவர் முதலான பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்கள் வாங்கச் சட்டமே தடுக்கிறது. அது நியாயமான தடை, அதைச் சுற்றி வழி தேடக் கூடாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தோட்ட நிர்வாகத்தின் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்த வீட்டை விற்கும் உரிமை கிடையாது.

பட்டயம் சரியாக இருந்தால் செப்பனிடுவது அவ்வளவு சிக்கலில்லை. 2019ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி சிறு பழுது, சாய்கூரைப் பழுது, பூச்சு, வண்ணம், கதவு ஜன்னல் வைப்பது போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. அறையைக் கூட்டினாலோ, மாடி எடுத்தாலோ, பாரம் தாங்கும் சுவரில் கைவைத்தாலோ அனுமதி வாங்கியாக வேண்டும். கோவிலூரில் வீடுகள் நெருங்கி நிற்கும். உங்கள் மண்சுவரை இடித்தால் பக்கத்து வீட்டுச் சுவருக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஊர்க் கொத்தனாரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூணாறைச் சுற்றியுள்ள பள்ளிவாசல், சின்னக்கானல், கண்ணன் தேவன் மலை, சாந்தன்பாறை, பைசன்வேலி, வெள்ளத்தூவல், ஆனவிரட்டி ஆகிய கிராமங்களில் கட்டட அனுமதிக்கு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று 2010இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஓரிரு அறைகளை விருந்தினருக்கு விட நினைத்தால் ஹோம்ஸ்டே வகைச் சான்றைச் சுற்றுலாத் துறை தருகிறது. ஆனால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கோவையில் இருந்துகொண்டு சாவியைக் காவலாளியிடம் கொடுப்பது ஹோம்ஸ்டே ஆகாது.

பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். பத்திரம் முடிந்ததும் கிராம அலுவலகத்தில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, உங்கள் பெயரில் தண்டப்பேர் எண் (வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளருக்கான எண்) வாங்கி, நிலவரியான கரம் கட்டி ரசீது பெறுங்கள். தமிழ்நாட்டில் பட்டா மாறுதலுக்கு நிகரான வேலை இது.

மனுக்களை மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால் தயங்காதீர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். பட்டயத்தின் நகலையும் அது எந்தத் தேவைக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.