செல்ஃப் எடுக்கல: இந்த ‘செல்ஃப்’ங்கிற சொல் எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்லலாம்?

"அண்ணே, வண்டி செல்ஃப் எடுக்கல"ன்னு போன்ல சொன்னா எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அடுத்த கேள்வியா "சத்தம் வருதா?"ன்னுதான் கேப்பார். ஏன்னா இந்த ஒரே வார்த்தைய நாம ரெண்டு வேற வேற கோளாறுக்கு சொல்றோம். சாவிய திருப்புனா ஒண்ணுமே நடக்கலன்னாலும் செல்ஃப் எடுக்கலங்கிறோம், இஞ்சின் கர்ர் கர்ர்னு நல்லா சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகலன்னாலும் அதையேதான் சொல்றோம். ரெண்டாவதுல செல்ஃப் மேல குத்தமே இல்ல, அது அதோட வேலைய முழுசா செஞ்சுருச்சு, பெட்ரோல் வரலையா இல்ல பிளக்ல ஸ்பார்க் இல்லையான்னுதான் பாக்கணும். இந்த வித்தியாசத்த சொல்லாம விட்டுட்டு நல்ல பேட்டரிய தூக்கிப் போட்டு புதுசு வாங்குனவங்க நிறைய பேர். அதனாலதான் இந்த சொல்ல கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு.

செல்ஃப்னா இங்கிலீஷ்ல ‘தான்’, ‘தானே’. இதோட முழுப்பேரு செல்ஃப் ஸ்டார்ட்டர், அதாவது பேட்டரி கரண்ட்ல இஞ்சின முதல்ல சுத்தி விடற மோட்டார். கார் வந்த புதுசுல முன்பக்கம் இரும்பு ஹேண்டில சொருகி கையாலதான் சுத்தி கிளப்பணும், இக்னிஷன் நேரம் கொஞ்சம் முன்னாடி இருந்துட்டா இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சு மணிக்கட்டு, முழங்கை எல்லாம் உடைஞ்சிரும். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் டேட்டன்ல டெல்கோ கம்பெனி நடத்துன சார்லஸ் கெட்டரிங்தான் இதுக்கு ஒழுங்கான வழி கண்டுபிடிச்சவர், 1912 மாடல் காடிலாக்ல அது வந்துச்சு. அவர் அதுக்கு முன்னாடி கல்லாப்பெட்டி மிஷின் செய்யற கம்பெனில வேலை பாத்தவர், அங்க கல்லாவ மின்சாரத்துல ஓட வைக்க ஒரு சின்ன மோட்டார் செஞ்சிருந்தார். நாள் பூரா ஓடற மோட்டார்னாத்தான் பெருசா இருக்கணும், சில நொடி மட்டும் முழு பலத்தோட இழுத்துட்டு ஓய்வெடுக்கிற மோட்டார் சின்னதா இருந்தாலே போதும்ங்கிற அதே யோசனைதான் காருக்கும் வந்துச்சு. இன்னைக்கும் செல்ஃப அஞ்சு பத்து நொடிக்கு மேல விடாம அடிக்கக்கூடாதுங்கிறதுக்கு காரணம் இதுதான், அது தொடர்ந்து ஓடறதுக்குன்னு செஞ்சதே இல்ல.

இங்கிலீஷ்காரங்க நாளடைவுல ‘செல்ஃப்’ஐ விட்டுட்டு ஸ்டார்ட்டர்னு மட்டும் வச்சுக்கிட்டாங்க, நாம ஸ்டார்ட்டர விட்டுட்டு செல்ஃப் மட்டும் வச்சுக்கிட்டோம். பைக், ஸ்கூட்டர்ல இதுக்கு இன்னும் அர்த்தம் இருக்கு, ஏன்னா அங்க கிக்கும் இருந்துச்சு, செல்ஃபும் இருந்துச்சு, எதுல ஸ்டார்ட் பண்ணன்னு பிரிச்சு சொல்ல வேண்டியிருந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன? அப்படியே மாத்துனா தன் + தொடக்கி = தற்றொடக்கி, பொன் + தொடி பொற்றொடி ஆகுற மாதிரி. புணர்ச்சிப்படி சரிதான், ஆனா வாய்ல நிக்காது. என்னைக் கேட்டா ‘தொடக்கி’ போதும், இப்ப கார்ல கையால சுத்தறதே கிடையாதே, அப்புறம் ‘தன்’ எதுக்கு? மோட்டாரையும் சேத்து சொல்லணும்னா தொடக்கி மின்னோடி. பேட்டரிய பலபேர் மின்கலம்னு எழுதறாங்க, ஆனா 12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு கலம் வரிசையா இருக்கு, அதனால மின்கல அடுக்குன்னாத்தான் பொருத்தம். செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட விடற சுவிட்ச் மாதிரி வேலை செய்யற சொலினாய்டுக்கு பள்ளிக்கூட புத்தகத்துலயே வரிச்சுருள்னு இருக்கு. மோட்டார்ல சுத்துற பாகத்துக்கு உரசிக்கிட்டே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷுக்கு தூரிகைன்னு இருக்கு, ஆனா பட்டறைல போய் தூரிகை தேஞ்சிருச்சான்னு கேக்க வேண்டாம், கார்பன்னு சொல்லுங்க, எழுதும்போது தூரிகை.

இப்ப அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 மாதிரி வண்டி ஒண்ணு செல்ஃப் எடுக்கலன்னு வைங்க. முதல்ல ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்புங்க. லைட் அப்படியே அணைஞ்சு போற மாதிரி மங்குனா பேட்டரி டவுன், இல்லனா டெர்மினல் லூஸ், டக் டக் டக்னு விடாம சத்தம் வர்றதும் பெரும்பாலும் இதேதான். லைட் மங்கவே இல்ல, சத்தமும் இல்லன்னா கரண்ட் சொலினாய்டுக்கே போகல, இக்னிஷன் சுவிட்ச், அங்கேருந்து வர்ற சின்ன ஒயர், ரிலே இருந்தா ரிலே, இதுல ஒண்ணு. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து நின்னுட்டா சொலினாய்டு உள்ள இருக்குற செம்பு கான்டாக்ட் கருகியிருக்கலாம், இல்ல கார்பன் தேஞ்சிருக்கலாம், மோட்டார் மேல ஸ்பேனரால லேசா தட்டுனா ஒரு தடவை எடுக்கும், அதோட விட்டுராதீங்க, அடுத்த தடவை எடுக்கும்னு நிச்சயமில்ல. வீல்னு கத்திக்கிட்டு மோட்டார் மட்டும் சுத்தி இஞ்சின் சுத்தலன்னா பல்சக்கரம் பக்கம் கோளாறு. பேட்டரி நல்லா இருந்தும் இஞ்சின் சூடானா மட்டும் இழுத்து இழுத்து சுத்துதுன்னா மோட்டார் தண்ட தாங்குற புஷ் தேஞ்சு, உள்ள சுத்துற ஆர்மெச்சூர் உரசுதான்னு பாக்கணும்.

வோல்ட் அளக்கிற மீட்டர் இருந்தா இன்னும் நல்லது. ராத்திரி பூரா நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், 12.2 காட்டுனா பாதிதான் இருக்குன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ போனா பேட்டரிய சோதிக்கணும். அடுத்து மீட்டர் ஒயரோட ஒரு முள்ள பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொன்ன செல்ஃப் மோட்டாருக்கு தடி ஒயர் வர்ற போல்ட்ல வச்சு ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா வழியில எங்கயோ கரண்ட் வீணாகுது. இதுல முக்கியமான விஷயம், முள்ள கிளாம்ப் மேல வைக்காதீங்க, நடுவுல இருக்குற ஈயக்குச்சி மேலயே வைங்க. கிளாம்ப்புக்கும் குச்சிக்கும் நடுவுல கருப்பா படிஞ்ச ஒரு மெல்லிசு படலம் போதும் 150, 200 ஆம்பியர் போற வழிய அடைக்க, வெளியில பாத்தா சுத்தமாத்தான் தெரியும். கழட்டி, சுடுதண்ணில சோடா உப்பு கரைச்சு ஊத்தி கழுவி, ஈயம் பளிச்சுனு தெரியுறவரைக்கும் உப்புத்தாள் போடுங்க.

கடைசியா எர்த், அதாவது பேட்டரியோட ஒரு முனைய பாடியோட சேக்கிற இணைப்பு. மண்ணுக்கும் காருக்கும் இங்க சம்பந்தமே இல்ல, டயரெல்லாம் ரப்பர், பேட்டரிக்கு திரும்பிப் போற வழியா பாடிய வச்சிருக்காங்க, அதனால புவி இணைப்புங்கறதவிட உடல் இணைப்புன்னு சொல்றது சரின்னு நான் நினைக்கிறேன். இஞ்சினும் ரப்பர் மவுண்ட் மேலதான் உக்காந்திருக்கு, அதுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் பட்டை ஒண்ணு போகும். பழைய வண்டில அது துருப்பிடிச்சு அத்துப்போனா கரண்ட் வேற வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா திரும்பும், செல்ஃப் அடிச்ச உடனே அந்த கேபிள் சூடாகி புகையுறத பாத்தீங்கன்னா மோட்டார கழட்டவே வேண்டாம், பட்டைய மாத்துங்க. இன்னொண்ணு, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலதுல பாசிட்டிவ்தான் பாடில இருக்கும், வேற வண்டிலேருந்து ஜம்ப் ஒயர் போடறதுக்கு முன்னாடி எந்த முனை பாடிக்கு போகுதுன்னு பாத்துட்டு கைய வைங்க.