மௌனம் சம்மதம் அல்ல

சென்ற மாதம் டெல்டாப் பகுதித் தொண்டு நிறுவனம் ஒன்றின் திட்டக் கூட்டத்தை நெறிப்படுத்தப் போயிருந்தேன். நான் எழுவதற்குள் செயலாளரே தொடங்கிவிட்டார். மகளிர் குழுக்களுக்கான மூன்று நாள் பயிற்சி புரட்டாசியில் என்று அறிவித்துவிட்டு, "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றார். 22 பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் 'ஒருமனதாக' என்று ஏறியது.

தேநீர் வேளையில் களப்பணியாளர் ஒருவர் தன் நோட்டைக் காட்டினார். 'சம்பா நடவு. ஒருத்தியும் வரமாட்டாள்' என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார். ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன். "சார்தான் முடிவு செய்துவிட்டாரே" என்றார்.

இந்த ஆண்டில் இப்படி எத்தனையாவது கூட்டம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியை அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள். பேசாதவர் பயந்திருக்கலாம். விஷயம் புரியாமல் இருக்கலாம். போன முறை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருக்கலாம். சாப்பாட்டு நேரம் தாண்டிப் பசியோடும் இருக்கலாம். இவற்றில் எது சம்மதம்? "சம்மதம்தானே" என்பதில் உள்ள அந்தத் 'தானே' பதிலையும் தானே சொல்லிவிடுகிறது. அதற்குமேல் மறுத்துப் பேசினால் அது மரியாதைக் குறைவாகிவிடும் என்று ஊழியர் நினைப்பதில் என்ன வியப்பு?

1986 ஜனவரி 27 இரவு, இவ்வளவு குளிரில் சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று ராக்கெட் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். இடைவேளையில் மேலாளர்கள் மட்டும் பேசி முடிவை மாற்றினார்கள். மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்டபோது யாரும் பேசவில்லை. சற்றுமுன் வரை வாதாடியவர்களும் பேசவில்லை. மறுநாள் காலை, ஏவிய 73 வினாடிகளில் கலம் சிதறியது. அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள்.

தலைவர்களே, கடைசியில் பேசுங்கள். உங்கள் கருத்து தெரிந்த பிறகு அறையில் வேறு கருத்து பிறக்காது. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, இரண்டு நிமிடம் எழுத விட்டு, அதன் பிறகு பேசச் சொல்லுங்கள். பணியில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். பள்ளி வகுப்பு போல நாற்காலி போடாதீர்கள், முதுகைப் பார்த்து யாரும் விவாதிக்க மாட்டார்கள். "சம்மதமா" என்று கேட்பதை விட்டு, "இதில் எங்கே சிக்கல் வரும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மூன்று வினாடி அமைதியைத் தாங்காமல் அடுத்த பொருளுக்குத் தாவுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

ஒருவர் மறுத்துப் பேசிவிட்டால், தயவுசெய்து அவர் முகத்தைப் பார்த்து முழுவதும் கேளுங்கள். அவரை மற்றவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேநீருக்குப் பிறகு அந்தச் செயலாளரிடம் பேசி, தாள்களைக் கொடுத்தேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடவைத்தான் எழுதியிருந்தார்கள். பயிற்சி தை அறுவடை முடிந்த பிறகு என்று மாறியது. 'ஒருமனதாக' என்ற சொல்லைச் செயலாளரே அடித்துவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு எழுத வைத்தார்.