சொல் விளக்கம்: டேக்கிள்

பாளையங்கோட்டைப் பள்ளி மைதானங்களிலும் உவரி, கூத்தங்குழி கடற்கரை மணலிலும் பந்து உருளும்போது காதில் விழுவது "கால விடுல", "பறிச்சிரு", "விடாத, மறி" என்பவைதான். கால்பந்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தை எடுப்பதைக் குறிக்கும் டேக்கிள் என்ற சொல் தொலைக்காட்சி வர்ணனையோடு வந்தது. விசில் ஊதி நடுவர் அட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டதும் எல்லா ஊரிலும் ஒரே முறையீடுதான்: "சார், பந்தத்தான் சார் எடுத்தேன்!" அந்த முறையீடு செல்லுமா என்பது இந்தச் சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதோடும் சேர்ந்தது.

டேக்கிளின் வேர் கடற்கரையில் இருக்கிறது. டச்சு, கீழ் ஜெர்மானிய மொழிகளில் 'டாகெல்' என்றால் கப்பலின் கயிறு, கப்பி முதலான சாமான்கள். ஆங்கிலத்துக்குப் போனபோதும் அதே பொருள்தான். தூண்டில், நரம்பு, முள் எல்லாம் சேர்ந்த மீன்பிடிச் சாமானையும், பாரம் இழுக்கும் கப்பி வடத்தையும் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பிறகு குதிரைக்குச் சேணம் பூட்டுவது, ஒருவரை இறுகப் பிடிப்பது, ஒரு வேலையை எதிர்கொள்வது என்று பொருள் விரிந்து, 19ஆம் நூற்றாண்டில் பந்தாட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. கயிறும் பிடியும் அந்தச் சொல்லின் ரத்தத்திலேயே இருக்கின்றன. ரக்பியில் ஆளைப் பிடித்துத் தள்ளுவதற்கு அது சரியாகப் பொருந்துகிறது. கால்பந்திலோ ஆளைப் பிடித்தாலே குற்றம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கபடி வர்ணனையிலும் டேக்கிள் என்கிறார்கள். அங்கே அது பிடி: கணுக்கால் பிடி, தொடைப் பிடி. மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ களத்தில் நின்று பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', கூடுதல் புள்ளி. காலையில் கபடியில் கைதட்டல் வாங்கிய வேலைக்கு மாலையில் கால்பந்தில் அட்டை காட்டுவார்கள். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு ஆட்டத்தில் எதிரெதிராக நிற்கும்போது தமிழில் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்வதே நல்லது.

அகராதியைத் திறந்தால் 'சமாளித்தல்' என்று இருக்கும். "பந்தைச் சமாளித்தார்" என்று எழுதினால், தன் காலில் இருந்த பந்தோடு தடுமாறினார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாளிதழ்களின் 'தடுப்பாட்டம்' கிரிக்கெட்டில் மட்டையாளர் கட்டை போடுவதற்கும் ஆகிறது, கால்பந்தில் பின்வரிசை ஆட்டம் முழுவதற்கும் ஆகிறது. ஒருவர் இன்னொருவர் காலிலிருந்து பந்தை எடுக்கும் அந்த ஒரு நொடிக்கு அது பெரிய சட்டை. மைதானத்தில் ஏற்கெனவே புழங்கும் 'பறி' இருக்கிறது. பந்து பறிப்பு என்பதே என் தேர்வு. நகை பறிப்பு, பணம் பறிப்பு என்று செய்தித்தாளில் படித்துப் படித்து அதில் திருட்டு வாடை அடிக்கிறது என்பார்கள். பூவையும் பறிக்கத்தானே செய்கிறோம். எதைப் பறிக்கிறோம் என்பதைச் சொல்லே காட்டிவிடுவது இதன் வசதி: பறிபடுவது பந்து. எதிராளியின் கால் கணக்கில் இல்லை.

வகை பிரிக்கவும் எளிது. எதிரே நின்று உள்பாதத்தால் பந்தைத் தடுத்து எடுத்தால் மறித்துப் பறித்தல். கால் நுனியால் குத்தி விலக்கினால் தட்டிப் பறித்தல். தரையோடு வழுக்கிப் போனால் சறுக்கிப் பறித்தல். வம்பெல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

சறுக்கிப் பறிப்பவர் ஒரு காலை மடக்கி, அந்தப் பக்கத்துத் தொடையும் பிட்டமும் தரையில் படும்படி இறங்க வேண்டும். நீளும் கால் புல்லை ஒட்டி, முட்டி லேசாக மடங்கி, பாதத்தின் மேல்புறமோ உள்புறமோ பந்தில் படும்படி போக வேண்டும். பூட்ஸின் ஆணிகள், அதாவது ஸ்டட்கள், எதிராளியைப் பார்க்கவே கூடாது. தப்பு நேர்வது பெரும்பாலும் நேரத்தால். அரை நொடி பிந்தினால் பந்து நகர்ந்துவிடும். அது இருந்த இடத்தில் எதிராளியின் ஊன்றுகால் வந்து நிற்கும். அவர் பூட்ஸின் ஆணி மண்ணில் பதிந்திருப்பதால் அந்தக் கால் விலகாது, திரும்பாது. உடம்பின் எடை முழுவதும் அதில் இறங்கியிருக்கும் வேளையில் கரண்டைக்காலில் பக்கவாட்டு அடி விழுந்தால் தசைநார் கிழியலாம், எலும்பு முறியலாம். பாய்கிறவரின் முட்டி விறைத்து நீண்டிருந்தால் அவர் ஓடிவந்த வேகம் எங்கும் மடங்காமல் அப்படியே எதிராளியின் கணைக்காலில் இறங்கும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பிவிட்டால் இன்னும் மோசம். நினைத்தாலும் நிறுத்த முடியாது, திசை மாற்ற முடியாது. எறிந்த கல் மாதிரிதான்.

தரையும் ஒரு காரணம். நம் ஊர்ச் சரள் மண்ணில் சறுக்கினால் தொடைத்தோல் உரிந்துவிடும் என்று பிள்ளைகள் நின்றபடியே காலை நீட்டிக் குத்துவார்கள். அதனால் அடி கணுக்காலுக்கு மேலே, கணைக்காலில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மைதானம் வழுக்கும்போது ஒரு முழம் சறுக்க நினைத்தவர் மூன்று முழம் போய் நிற்பார். கணைக்காப்பு அணிவது விதிப்படி கட்டாயம். ஆனால் அது கணைக்காலின் முன்பக்கத்தைத்தான் காக்கும். பின்னாலிருந்து குதிங்காலுக்கு மேல் விழும் அடியை அது தடுக்காது.

இனி அட்டைக்கு வருவோம். (மாஞ்சோலைப் பக்கம் அட்டை என்றால் வேறு, அதுவும் ரத்தம் சம்பந்தப்பட்டதுதான்.) 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினா அணித்தலைவர் ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். இவர் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு இவருக்குப் புரியாது. ராட்டின் களத்தை விட்டுப் போக மறுத்து நின்றார். அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டனுக்குப் பின்னர் லண்டனில் காரில் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்து வந்த யோசனைதான் மஞ்சளும் சிவப்பும்: மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு வெளியேற்றம். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. அந்தத் தொடரில் யாருக்கும் சிவப்பு விழவில்லை. உலகக் கோப்பையில் முதல் சிவப்பு அட்டை 1974இல் சிலியின் காஸெலிக்குக் காட்டப்பட்டது. மொழி புரியாத இடத்தில் பேசுவதற்கென்றே உண்டான சொல் அது என்றால் தப்பில்லை.

எந்தப் பறிப்புக்கு எந்த அட்டை என்பதற்கு ஆட்ட விதி 12 மூன்று படி வைத்திருக்கிறது. முதல் படி கவனக்குறைவு: எதிரணிக்கு நேரடி ஃப்ரீகிக் (நேராகக் கோலுக்கே அடிக்கக்கூடிய தனி உதை) மட்டும், அட்டை கிடையாது. இரண்டாவது, எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் ஆடுவது. இதற்கு 'பொறுப்பின்மை' என்று மொழிபெயர்ப்பதைவிட நம் பேச்சில் உள்ள 'கண்மண் தெரியாமல்' அளந்து தைத்ததுபோல இருக்கிறது. அதற்கு மஞ்சள். மூன்றாவது, தேவைக்கு மிஞ்சிய பலம், அல்லது எதிராளியின் பாதுகாப்புக்கே ஆபத்து. அதற்குச் சிவப்பு. 1998இல் பின்னாலிருந்து பாய்ந்து ஆபத்து விளைவிப்பதற்குச் சிவப்பு என்று விதியில் எழுதினார்கள். 2005இல் 'பின்னாலிருந்து' என்பது போய்விட்டது. முன்னால், பக்கவாட்டில், எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

"வேணும்னே போட்டான்" என்று கரையில் நிற்பவர் கத்துவதும், "வேணும்னு செய்யல சார்" என்று ஆடியவர் கெஞ்சுவதும் இதனால்தான் வீண். மனசில் என்ன இருந்தது என்று விதி கேட்கவில்லை. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தார், ஆணி தெரிந்ததா, அடி எந்த உயரத்தில் விழுந்தது, பந்தை எட்டும் வாய்ப்பு இருந்ததா என்பவைதான் நடுவரின் கண்ணில் பட வேண்டியவை. பந்தில் முதலில் கால் பட்டிருந்தாலும், அதே பாய்ச்சலில் ஆணி கணைக்காலில் ஏறினால் சிவப்புதான். எலும்பு முறியவில்லையே என்பதும் சமாதானம் ஆகாது. ஆபத்து விளைந்ததா என்பதே கேள்வி. மாறாக, சுத்தமாகப் பறித்த பிறகு எதிராளி தடுக்கி விழுந்து கை முறிந்தால் அதற்காக அட்டை தேவையில்லை. தொடாத காலைப் பிடித்துக்கொண்டு உருள்வது நம் ஊர் அழுகுணி ஆட்டம். அதற்கும் மஞ்சள் உண்டு.

சிவப்பு காட்டினால் மாற்று ஆள் கிடையாது. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒரு அணியில் ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டம் தொடராது. எழுவர் ஆட்டங்களில் ஒருவர் போவதே பெரிய இழப்பு என்பதால் உள்ளூர் நடுவர்கள் சில சமயம் மஞ்சளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தயவு அடிபட்டவனின் கணுக்கால் செலவில் காட்டப்படுவது.

செய்தி எழுதுவோர் 'முரட்டு ஆட்டம் ஆடியதால் வெளியேற்றம்' என்று முடித்துவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. முரடு என்பது ஆளின் குணத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. சாதுவான பையனும் ஈரத்தரையில் பிந்திப் பாய்ந்து சிவப்பு வாங்கலாம். 'ஆபத்தான பந்து பறிப்பு' என்று எழுதலாம். இடம் இருந்தால், "இரு காலையும் தூக்கிப் பாய்ந்து, ஆணி கணைக்காலில் பட்டதால் 63ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை" என்று நடுவர் அறிக்கையில் எழுதுவதுபோலவே எழுதிவிடலாம்.