ஒரே டின் பெயின்ட், அறைக்கு அறை வேறு நிறம்

வீடு முழுக்க ஒரே நிறம் போதும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் கடைசியில் டோப் என்ற நிறத்தில் வந்து நிற்கிறார்கள். சாம்பலும் பழுப்பும் கலந்து, எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாத நிறம் அது. அதிலும் வெளிறாமல், இருட்டடிக்காமல் நடுத்தரமான ஷேடாக எடுத்தால் ஹால், படுக்கையறை, நடை எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். எந்த சோபாவோடும் சண்டை போடாது. குழப்பம் அடித்து முடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். ஹால் சுவரில் லேசாக இளஞ்சிவப்பு தட்டும். படுக்கையறையில் பச்சை கலந்த சாம்பல். நடையில் கிட்டத்தட்ட ஊதா. டின்னை மாற்றிவிட்டார் என்று பெயின்டர் மேல் பாய்பவர்களும் உண்டு. பாவம், பெரும்பாலும் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

முதலில் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கடையில் டின்டிங் மிஷின், பேஸ் பெயின்ட்டில் கருப்பு, மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு போன்ற நிறமிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து ஊற்றுகிறது. பேஸில் இருக்கும் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, அதைச் சுவரோடு பிடித்து வைக்கும் அக்ரிலிக்குக்கு 1.5 அளவுதான். இந்த வித்தியாசம் பெரிதாக இருப்பதால்தான் துகளில் படும் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. துகளின் அளவும் 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பாதி அளவுக்கு, திட்டமிட்டே அரைக்கப்படுகிறது. சிதறும் ஒளியில் இரும்பு ஆக்சைடுகள் நீலப் பகுதியை விழுங்கும். கார்பன் கருப்பு எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாக விழுங்கும். எதை எவ்வளவு கலந்தால் என்ன நிறம் வரும் என்பதற்கு பால் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க் என்ற இருவர் 1931-ல் ஒரு கணக்கு எழுதினார்கள். நிறம் பொருத்தும் கணினிகள் இன்றைக்கும் அந்தக் கணக்கின் வழியில்தான் நடக்கின்றன.

இப்படிப் பிறக்கும் நடுத்தர டோப், தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 40 சதவீதத்தையும், பச்சையில் 34-ஐயும், நீலத்தில் 29-ஐயும் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சிவப்பின் பக்கம் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். கிட்டத்தட்ட சமமாக நிற்கும் தராசு மாதிரி இது. எந்தத் தட்டில் ஒரு நெல்மணி விழுந்தாலும் முள் நகர்ந்துவிடும். நல்ல அடர் சிவப்புச் சுவர் எந்த விளக்கிலும் சிவப்பாகவே தெரியும். டோப்புக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

போதாக்குறைக்கு, சாம்பலுக்கு அருகில் இருக்கும் நிறங்களில் நம் கண் ரொம்பவே கறார். நிற வித்தியாசத்தை அளக்க சிஐஇ என்ற சர்வதேச ஒளி ஆணையம் 1994-ல் தந்த வாய்பாட்டிலேயே இது சேர்க்கப்பட்டிருக்கிறது. சாம்பலில் நிறச்செறிவு எந்த அளவு மாறினால் கண்ணுக்குத் தெரியுமோ, அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் மாறினால்தான் அடர் சிவப்பில் தெரியும்.

சரி, அந்த மணியை யார் போடுகிறார்கள்? முதல் சந்தேகம் வெளிச்சத்தின் மேல். நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின். நேரடி வெயில் இல்லாமல் நீல வானத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சம் 10,000 கெல்வினையும் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும். அதனால்தான் வடக்குப் பார்த்த அறையில் டோப் வெறும் சாம்பலாகிவிடும் என்று மேல்நாட்டு அலங்காரப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. நமக்கு அப்படியே பொருந்தாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நமக்குக் கொஞ்சம் வடக்கில்தான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு வெளியே தரையும் எதிர்வீட்டுச் சுவரும் வெயிலில் காயும். அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறைக்குள் வரும். எதிர்வீடு மஞ்சள் என்றால் உங்கள் டோப்பும் மஞ்சளாகும். ஜன்னலை ஒட்டி வேப்பமரம் நின்றால் பச்சை தட்டும். நம் ஊரில் ஜன்னல் எந்தத் திசை என்பதைவிட, ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாலையானால் ஆட்சி விளக்குகளின் கைக்கு மாறுகிறது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி தரும் ஒரு சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் நீல முகட்டுக்கும் மஞ்சள் மேட்டுக்கும் நடுவே 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். மலிவான பல்புகளில் அடர் சிவப்பும் குறைவு. டோப்பின் பழுப்புச் சாயல் முழுக்க அந்தச் சிவப்பை நம்பித்தான் இருக்கிறது. சிவப்பைத் தராத விளக்கின் கீழ் அது எங்கே போகும்? 6500 கெல்வின் டியூப் லைட்டின் கீழ் பழுப்பு ஓடிப்போய், சிமென்ட் பூச்சு மாதிரி ஒரு சாம்பல் மிஞ்சுவது இதனால்தான். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே சுவர் வெதுவெதுப்பான பழுப்பாகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை மெட்டாமெரிசம். நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்றே வகை. ஒளியில் எத்தனை அலைநீளங்கள் இருந்தாலும் மூளைக்குப் போய்ச்சேர்வது மூன்று எண்கள்தான். அதனால் வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே மூன்று எண்களைத் தரலாம். விளக்கை மாற்றினால் பிரிந்துவிடலாம். திரைச்சீலைத் துணியின் டோப் சாயத்தால் வந்தது, சுவரின் டோப் இரும்பு ஆக்சைடால் வந்தது. கடை வெளிச்சத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்து, வீட்டில் ஒன்று ரோஜா, ஒன்று பாசி என்று நின்றால் யாரையும் திட்டிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட சுவாரசியமானது, சுவர்கள் ஒன்றுக்கொன்று செய்யும் வேலை. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்தும் திரும்பித்தான் கண்ணுக்கு வருகிறது. முதல் மோதலில் சிவப்பு 40, நீலம் 29. சிவப்பு 38 சதவீதம் கூடுதல். இரண்டாவது மோதலில் 40-ல் 40 சதவீதம், 29-ல் 29 சதவீதம் என்று சிவப்பு 16, நீலம் 8.4 ஆகிவிடும், கூடுதல் 90 சதவீதம். எல்லா மோதல்களையும் கூட்டினால், முழுக்க டோப் பூசிய மூடிய பெட்டிக்குள் சிவப்பு நீலத்தைவிட 63 சதவீதம் அதிகம். நிஜ அறையில் வெள்ளைக் கூரையும் ஜன்னலும் இதைக் கொஞ்சம் தணிக்கும். ஆனாலும் ஷேட் கார்டில் அடக்கமாக இருந்த துண்டு சுவரில் ஏறியதும் அழுத்தமாகத் தெரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு சுவரோடு கூரைக்கும் அதே நிறம் அடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வெளிச்சமும் குறையும். ஷேடின் ஒளி திருப்பும் அளவு 35 என்றால் பாதி இருட்டு என்று அர்த்தமில்லை. நம் கண் அளக்கும் முறை வேறு. 18 சதவீதம் திருப்பும் சாம்பலே நமக்குக் கருப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாகத் தெரியும். 35 என்பது கண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சமான சுவர். ஆனால் அறையின் மொத்த வெளிச்சம் கண்ணின் தயவைப் பார்ப்பதில்லை. மூடிய பெட்டிக் கணக்கில் 85 சதவீத வெள்ளை, விளக்கின் வெளிச்சத்தை ஆறரை மடங்குக்கு மேல் பெருக்கும். 35 சதவீத டோப் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். வெள்ளையாக இருந்த வீட்டை டோப்புக்கு மாற்றியதும் அதே பல்பு சோகையாகத் தெரிந்தால் மின்வாரியத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

நடையில் தெரிந்த அந்த ஊதா? அநேகமாக அது கதவுகளின் வேலை. பாரிசின் கோபெலின் சாயப்பட்டறைக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராயப் போய், சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருக்கும் நூலின் நிறம்தான் கருப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். 1839-ல் அதை விரிவாக எழுதினார். ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த் திசையில் தள்ளும். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தேக்குக் கதவுகள் வரிசையாக இருக்கும் நடையில், நடுவே சிக்கிய டோப் நீலத்துக்கும் ஊதாவுக்கும் தள்ளப்படுகிறது. சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் இழுபறியே நடக்கும்: தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி சுவரின் கீழ்ப்பகுதியைச் சிவக்க வைக்கும், தரையின் நிறமோ எதிர் விளைவாக அதே சுவரைப் பச்சைக்குத் தள்ளும்.

இத்தனை மாற்றமும் எல்லா நிறங்களுக்கும் ஓரளவு நடப்பதுதான். மூளை அறையின் வெளிச்சத்தைக் கணித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் சுவரின் நிறத்தைச் சொல்கிறது; அதனால் பெரும்பாலும் நாம் கவனிப்பதில்லை. வீடு முழுக்க ஒரே டோப் அடிக்கும்போதுதான் இந்தச் சமாளிப்பு அம்பலமாகிறது. ஹாலில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் படுக்கையறைச் சுவரைப் பார்க்கிறீர்கள். கண் பழகியிருப்பது ஹாலின் மஞ்சள் விளக்குக்கு; அங்கே எரிவது வெள்ளை டியூப். இரண்டு சுவரும் ஒரே பார்வையில் விழ, அதுவும் இரண்டும் ஒரே நிறம் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க, வித்தியாசம் உறுத்துகிறது. அறைக்கு ஒரு நிறம் அடித்திருந்தால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஆகவே ஷேட் கார்டோடு மல்லுக்கட்டுவதற்கு முன் பல்புகளை ஒரே மாதிரியாக்குவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. ஒன்றுக்கொன்று தெரியும் அறைகளில் எல்லாம் ஒரே கெல்வின், சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண்) 90-க்கு மேல். அப்புறம் ஷேட். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, அறை அறையாகக் கொண்டுபோய்ப் பகலிலும் இரவிலும் பாருங்கள். காயாமல் முடிவெடுக்காதீர்கள்: ஈரமான எமல்ஷனில் தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் துளிகளும் ஒளியைச் சிதறடித்துப் பால்போலக் காட்டும், காய்ந்ததும் அவை ஒட்டிக் கண்ணாடியாகிவிட, நிறம் ஒரு படி அடர்த்தியாகும். வேலை நாளில் எல்லா டின்னையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள். மிஷின் ஊற்றும் அளவில் டின்னுக்கு டின் சின்ன வேறுபாடு வரலாம்; பக்கத்துப் பக்கத்தில் அடித்தால், டோப்பில் அது தெரியும். டிரம்மில் பெயின்ட் குறைந்தால் சுவரின் நடுவில் நிறுத்தாமல் ஏதாவது ஒரு மூலையில் நிறுத்தட்டும்.